கதவு மேடம்

ராணுவக் குடியிருப்பில் அவளுக்குக் கதவு மேடம் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. கர்னல் ஆன பிறகு சொல்லும் தைரியம் யாருக்கு வரும்? ஆனாலும் அவளுக்குத் தெரியும். காய்கறி வண்டியைச் சுற்றி நின்று பேரம் பேசும் பெண்கள், திருப்பத்தில் அவளுடைய ஜீப்பைக் கண்டதும் வாயடைத்துப் போவார்கள். அது எந்த வரிசைப் பக்கம் திரும்புகிறது என்று மட்டும் பார்ப்பார்கள். தங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டால் ஒரு பெருமூச்சு வரும். அப்படி மூச்சு விட்டோமே என்று அடுத்த நொடியே வெட்கமும் வரும்.

அவளுடைய உண்மையான வேலை கதவு தட்டுவது அல்ல. அவள் சப்ளை பிரிவு. மலை மேல் இருக்கும் காவல் சாவடிகளுக்கு உருளைக்கிழங்கும் மண்ணெண்ணெயும் கம்பளியும் லாரி டயரும் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது. படிப்பு முடிந்த கையோடு நேர்முகத்துக்குப் போனபோது, மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியவர் கேட்டார்: "லாரி டயர் மாத்தத் தெரியுமா உனக்கு?"

"தெரியாது சார். மாத்துறவங்க ஏன் இவ்வளவு நேரம் எடுத்துக்கிறாங்கன்னு கேக்கத் தெரியும்."

பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் வேலை கிடைத்தது என்று அவள் இன்றும் நம்புகிறாள்.

அவள் சேர்ந்த கிடங்கில் அதற்கு முன்பு பெண் அதிகாரி என்று ஒருவரும் இருந்ததில்லை. சீருடை தைக்கிறவர் அளவு நாடாவை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். "நீங்களே அளந்து சொல்லுங்கம்மா, நான் எழுதிக்கிறேன்." அவள் சொன்ன அளவை நம்பாமல் இரண்டு விரற்கடை கூட்டி வெட்டினார். முதல் வருடம் முழுக்க அவள் கால்சட்டை பெல்ட்டின் தயவில்தான் நின்றது. மூத்த சார்ஜன்ட் ஒருவர் அவளை "சார்" என்றே கூப்பிட்டார். "மேடம்னு சொன்னா ஸ்கூல்ல நிக்கிற மாதிரி இருக்கு சார்" என்றார். அவளும் விட்டுவிட்டாள். கூப்பிட்ட குரலுக்கு வேலை நடந்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

வேலை நடந்தது. ஒரு குளிர்காலத்தில் மலைப்பாதை சரிந்து லாரிகள் நின்றுபோனபோது, கீழே கிராமத்துக் கழுதைகளை வாடகைக்குப் பிடித்து மூட்டைகளை மேலே ஏற்றினாள். "கழுதை மேய்க்கிற கேப்டன்" என்று மெஸ்ஸில் கேலி பேசினார்கள். மேல் சாவடியில் இருந்தவர்கள் யாரும் அந்தக் கேலியில் சேரவில்லை, அவர்கள் வயிறு நிறைந்திருந்தது. ஆனாலும் அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் அவளைத் தாண்டி மேலே போனார்கள். அவள் அதே நாற்காலியில் உட்கார்ந்து அவர்களுக்கு வாழ்த்துச் சொன்னாள்.

கதவு தட்டுகிற வேலை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு சிப்பாய் இறந்துபோனால், அவன் வீட்டுக்கு ஓர் அதிகாரி நேரில் போய்ச் சொல்ல வேண்டும். யாருக்கும் பிடிக்காத வேலை. ஒருநாள் தலைமையகத்தில் யாரோ சொன்னார்: "ஒரு பொம்பளை போனா நல்லா இருக்கும்ல?" அதோடு சரி. அதற்குப் பிறகு அந்த வேலை என்றாலே எல்லார் தலையும் அவள் பக்கம்தான் திரும்பும்.

வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் அக்கா.

அவளுக்கு உறவு என்று இருப்பது அக்காவும் அக்கா மகளும்தான். அவள் இளம் லெப்டினன்டாக இருந்து விடுமுறையில் வந்திருந்தபோதுதான் அத்தான் அலுவலகத்தில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அக்காவுக்குச் சொல்ல வேண்டியவள் இவள். அக்கா வீட்டு முன்னறையிலேயே பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். கத்திரிக்கோலும் கையுமாக நின்றவளைப் பார்த்ததும் இவளுக்கு நாக்கு எழவில்லை. "ஒண்ணும் இல்லக்கா, சின்ன மயக்கம், வா போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்றாள். டாக்ஸியில் போகும் வழியெல்லாம் அக்கா அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள், காலையில் வெறும் வயிற்றோடு ஓடினாரே என்று. வண்டியை நிறுத்தி ஆரஞ்சுப் பழம் வாங்கினாள். அந்தப் பையோடுதான் பிணவறை வாசலில் போய் நின்றாள்.

அக்கா அழுது முடித்து ரொம்ப நாள் கழித்து ஒரே ஒரு தடவை சொன்னாள்: "அந்த டாக்ஸியில நான் சந்தோஷமா இருந்தேன்டி, பாப்பா. அதைத்தான் என்னால மன்னிக்க முடியல."

அதனால்தான் கதவு தட்டப் போனபோது அவள் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தாள். முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். உட்காருங்கள் என்று சொல்லக்கூடாது, அது அவர்கள் வீடு. நலம் விசாரிக்கக்கூடாது. வண்டியை வாசலில் நிறுத்தாமல் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போக வேண்டும், இஞ்சின் சத்தம் நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடக்கூடாது. பதக்கங்களோடு முழு விழா உடுப்பு. தனியாகப் போகக்கூடாது, இரண்டு பேர். கையில் எதுவும் இருக்கக்கூடாது, அவர்கள் விழுந்தால் பிடிக்க வேண்டியிருக்கும். இவை எல்லாம் அவளாகவே ஒவ்வொரு வாசலிலும் அடிபட்டுக் கற்றவை. பிறகு தலைமையகம் அவளையே எழுதித் தரச் சொல்லி, ராணுவம் முழுவதற்கும் அதையே விதியாக்கிவிட்டது.

அந்த வாசல்களில் அவள் கை நடுங்கியதே இல்லை. கூட வந்தவர்கள் சொல்வார்கள். சில கேப்டன்கள் படியிலேயே வாந்தி எடுத்திருக்கிறார்கள். அவள் அழைப்பு மணியில் விரலை வைத்தால் விரல் அப்படியே நிற்கும். அழுகிறவர்களைப் பிடித்துக்கொள்வாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், உறவுக்காரர் யாராவது வந்ததும் எழுந்து வந்துவிடுவாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று அவள் பார்த்ததில்லை.

இதற்கிடையில் அக்கா மகள் வளர்ந்தாள். வீட்டில் அவளுக்குக் குட்டி என்று பெயர். தகப்பன் இல்லாத வீட்டில் சித்தியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு விளையாடியவள், படிப்பு முடிந்ததும் ஒரு நாள் வந்து, "நானும் ஆர்மிக்குப் போறேன்மா" என்றாள்.

அக்கா மகளைத் திட்டவில்லை. தங்கையைத்தான் பிடித்தாள்.

"ஒருத்தியைக் குடுத்தது போதாதா உங்க ஆர்மிக்கு? இருக்கிறதே ஒண்ணே ஒண்ணு. அதையும் கொத்திட்டுப் போறியே!"

"நான் ஒரு வார்த்தை சொல்லலக்கா. அவளா எடுத்த முடிவு."

"நீ ஏன்டி சொல்லணும்? நீ நடந்து வந்தாலே போதுமே, பாண்டு வாத்தியம் வாசிக்கிற மாதிரி!"

குட்டி போனாள். லெப்டினன்ட் ஆனாள். எல்லைப்புற மலையில் பணி. சமவெளிக்கு மாற்றித் தரச் சொல்லி அக்கா தங்கையிடம் எவ்வளவோ கேட்டும் அவள் மசியவில்லை. சொந்தக்காரர்களுக்காக ஒரு தொலைபேசி அழைப்புகூடச் செய்ததில்லை என்பது அவளுடைய ஒரே பெருமை. அன்றுதான் அக்கா இரண்டு சட்டம் போட்டாள்.

"இந்த வாசல்ல அந்த உடுப்போட நீ காலை வைக்கக்கூடாது. அவளும்தான். வீட்டுக்கு வர்றதுன்னா மனுஷங்க மாதிரி வரணும்."

"சரிக்கா."

"இன்னொண்ணு. அவளுக்கு ஏதாவதுன்னா நீ வராதே. வேற யாரையாவது அனுப்பு. உன் வாயால அதை நான் கேட்டேன்னா, அன்னியோட எனக்கு அவ மட்டும் இல்ல, நீயும் இல்ல."

அதற்கும் சரி என்றாள். பல வருடங்களாக அக்கா வீட்டுக்குச் சாதாரண உடையில்தான் போய்வந்தாள். வேலையிலிருந்து நேராக வந்தால்கூடக் குளியலறையில் மாற்றிக்கொள்வதற்கென்று ஜீப்பில் ஒரு பை வைத்திருந்தாள்.

பிறகுதான் அவளுக்குப் பிரிகேடியர் பதவி வந்தது.

சப்ளை பிரிவில் அந்த இடத்துக்கு வந்த முதல் பெண். தலைமையகத்தில் விழா. தளபதி அவள் தோளில் புதிய பட்டையைக் குத்தும்போது காதோரம் சொன்னார்: "கழுதைகளுக்கும் என் வாழ்த்தைச் சொல்லிடுங்க." அவள் வாய்விட்டுச் சிரித்தாள். புகைப்படக்காரர் அந்தச் சிரிப்பைப் பிடித்துவிட்டார். சீருடையில் அவள் சிரித்த படம் அதற்கு முன் ஒன்றுகூட இல்லை.

விழா முடிந்து திரும்பும்போது பக்கத்தில் அவளுடைய உதவி அதிகாரி உட்கார்ந்திருந்தான். புதிதாக வந்த கேப்டன், துறுதுறுப்பானவன். மெஸ்ஸில் சொல்லி வாங்கிய ஒரு கேக் பெட்டியை மடியில் வைத்திருந்தான். "மேடம், வீட்ல முதல்ல யாருக்குச் சொல்லப் போறீங்க?" என்று கேட்டான்.

யாருக்கு? அவளுக்கு அக்காவைத் தவிர யார் இருக்கிறார்கள்?

"அண்ணே, கடைத்தெருப் பக்கம் திருப்புங்க" என்றாள் டிரைவரிடம்.

சந்தோஷம் ஆளை இவ்வளவு மறதிக்காரி ஆக்கும் என்று அவளுக்குத் தெரியாது. பழக்கம் இருந்தால்தானே தெரியும்? ஜீப்பில் இருந்த பை அவள் நினைவுக்கே வரவில்லை. பழக்கமான காரியங்கள் மட்டும் அவளைக் கேட்காமலே நடந்தன. தெருமுனை வந்ததும், "இங்கேயே நிறுத்திடுங்க" என்றாள். இறங்கியதும் தொப்பியை நேராக்கினாள். கேப்டன் கேக் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கப் போனான்.

"அது இருக்கட்டும். வெறுங்கையோட வாங்க."

ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவள் யோசிக்கவில்லை. அவன் ஒரு அடி பின்னால், இடப்பக்கமாக நடந்து வந்தான். எதிர்ச் சாரியில் தையல் கடைக்காரர் மிஷினிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். மிஷின் சத்தம் நின்றது. அதையும் அவள் கவனிக்கவில்லை.

பார்லர் கதவு திறந்தே இருந்தது. உள்ளே சாயத்தின் காரமான வாடை. சுழல் நாற்காலியில் பேங்க் அம்மா, அதாவது பக்கத்துத் தெரு வங்கியின் மேனேஜர், கழுத்தில் கறுப்புத் துணி கட்டி உட்கார்ந்திருந்தார். அவருடைய தலையில் பாதி பூசியும் பாதி பூசாமலும் இருந்தது. பின்னால் நின்று அக்கா ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கையில் சாயப் பிரஷ்.

வாசலுக்கு முதுகு காட்டி நின்ற அக்கா கண்ணாடியில்தான் பார்த்தாள். முதலில் தொப்பி. பிறகு பதக்கங்கள். பிறகு பின்னால் நிற்கும் இன்னொருவர். பிறகு இருவருடைய கைகள்.

கண்ணாடியில் அக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. யாரோ அதை எடுக்க மறந்துவிட்டுப் போனதுபோல.

அவளும் சிரிக்கத்தான் பார்த்தாள். அந்த உடுப்போடு ஒரு வாசலில் நிற்கும்போது சிரிக்காமலே பழகிய முகம். சிரிப்பு வர மறுத்தது.

"அக்கா..." என்றாள்.

"சொல்லாதே."

"அக்கா, ஒரு விஷயம்..."

"வாயை மூடுடி!" அக்கா திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசினாள். "நீ சொல்லாத வரைக்கும் அவ இருக்கா. அப்படியே நில்லு. சொல்லாதே."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கண்ணாடியில் அவள் தன்னைப் பார்த்தாள். எத்தனையோ வீட்டுப் பெண்கள் கடைசியாக நிம்மதியாக இருந்த நொடியில் பார்த்த அதே உருவம். தெருமுனையில் நின்ற ஜீப், நேராக்கிய தொப்பி, வெறுங்கை, இரண்டு பேர். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. தான் எழுதிய விதியைத் தானே வரி பிசகாமல் செய்து, அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறாள்.

எதையாவது சொல்லி இதை நிறுத்த வேண்டும். உடனே, இப்போதே. அவள் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"ஒண்ணும் இல்லக்கா!"

பிரஷ் அக்கா கையிலிருந்து விழுந்து தரையில் கறுப்பாக உருண்டது.

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக்கூடாது. உலகத்தில் வேறு எந்த வார்த்தையைச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. அவள் வேகமாக உள்ளே வந்து, "அக்கா, எனக்கு புரமோஷன், பிரிகேடியர் ஆயிட்டேன், அதைச் சொல்லத்தான் வந்தேன், குட்டிக்கு ஒண்ணும் இல்ல" என்று கொட்டினாள். அக்கா அவளைத் தொடவிடாமல் சுவரோரம் ஒதுங்கினாள். வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் நீளப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"மெதுவா சொல்லணும்னு டாக்டர் சொன்னாரா? எனக்குப் பிரஷர் இருக்குன்னு சொல்லிட்டியா அவர்கிட்ட?"

"எந்த டாக்டரும் சொல்லலக்கா."

"நிஜமாத்தான்மா" என்றான் கேப்டன், வியர்வை வழிய. "மேடத்துக்கு இன்னிக்குக் காலையிலதான் விழா நடந்துச்சு."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரு பெத்த புள்ளையோ. இவனுக்கும் நல்லா சொல்லிக் குடுத்திருக்கே."

கேப்டனுக்கு என்ன தோன்றியதோ, தெருமுனைக்கு ஓடினான். கேக் பெட்டியோடு மூச்சு வாங்க வந்து அதை அக்கா முன்னால் திறந்து நீட்டினான். மேலே வெள்ளைக் கிரீமில் புதிய பதவியின் நட்சத்திரங்கள்கூட இருந்தன. அக்கா கேக்கைப் பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

"அன்னிக்கு ஆரஞ்சு. இன்னிக்குக் கேக்கா, பாப்பா?"

அதற்கு மேல் எந்த வார்த்தைக்கும் மதிப்பு இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. குட்டியின் குரலைக் கேட்டால் தவிர அக்கா நம்பமாட்டாள். குட்டியோ பயிற்சியில் இருக்கிறாள். பயிற்சி நடக்கும்போது எல்லாருடைய கைபேசியையும் வாங்கி வைத்துவிடுவார்கள். அவள் தன் கைபேசியை எடுத்தாள். இத்தனை வருடப் பெருமை ஒரு கணம்கூட அவள் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. குட்டியின் படைப்பிரிவுத் தலைவரையே கூப்பிட்டாள். ஒரு காலத்தில் அவளிடம் வேலை பார்த்தவர்.

"வாழ்த்துகள் மேடம்! இப்பத்தான் கேள்விப்பட்டேன்..."

"என் அக்கா மகளை லைன்ல குடுங்க."

மறுமுனையில் ஒரு தயக்கம். "மேடம், எக்ஸர்சைஸ் நடக்குது. அவங்க மேல முகட்டுல இருக்காங்க. விதிப்படி..."

"உத்தரவு போடல. கெஞ்சிக் கேக்கிறேன். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கூட்டிட்டு வாங்க."

"ஆகட்டும் மேடம். நானே கூப்பிடுறேன்" என்று அவர் வைத்துவிட்டார்.

காத்திருப்பது என்றால் என்னவென்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. பெஞ்சின் ஒரு கோடியில் அக்கா, மறு கோடியில் அவள். நடுவில் பழைய வாரப் பத்திரிகைகள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பேங்க் அம்மா எழுந்து போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல், பாதித் தலையோடு கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எதிர்க் கடையில் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. தையல்காரர் மரியாதைக்குக் கடையை அடைக்கிறார்.

அக்கா அழவில்லை. கை விரல்களில் ஒட்டியிருந்த சாயத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். தோல் சிவந்த பிறகும் சுரண்டினாள். எத்தனை வீடுகளில், தான் எழுந்து வந்த பிறகு, யாராவது இப்படி எதையாவது சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த யோசனையைத் தள்ளுவதற்குள் இன்னொன்று வந்தது.

அவர் ஏன் தயங்கினார்?

விதிப்படி என்று ஏன் இழுத்தார்? அந்தத் தயக்கம் அவளுக்குப் பழக்கமானது. போனில் கேட்கிறவர்களிடம் எதுவும் சொல்லக்கூடாது, நேரில்தான் ஆள் போக வேண்டும் என்று எழுதியவளே அவள்தானே? முகட்டில் ஏதாவது நடந்திருந்து, அவரும் அவளுடைய விதியைத்தான் காப்பாற்றுகிறார் என்றால்? இந்நேரம் இரண்டு பேர் எங்கேயோ சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தால்?

அவள் வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை. திரும்பவும் பார்த்தாள்.

கைபேசி அதிர்ந்ததும் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

முதலில் காற்று இரைந்தது. பிறகு மூச்சு. யாரோ ஓடி வந்த மூச்சு.

"சித்தி?" குட்டியின் குரல் உடைந்திருந்தது. "சித்தி, அம்மாவுக்கு என்ன ஆச்சு? முதல் வாக்கியத்துலயே சொல்லிடுங்க. ப்ளீஸ்."

அவள் கைபேசியை அக்கா பக்கம் நீட்டினாள்.

"ரெண்டு பேர் வந்தாங்க சித்தி. முகட்டுக்கே ஏறி வந்தாங்க. அதுல ஒருத்தர் டாக்டர். ரெண்டு பேர் கையிலயும் ஒண்ணும் இல்ல. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொல்லுங்க, அம்மா இருக்காங்களா?"

அக்கா கைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள். வாயருகே வைத்தாள், காதருகே வைத்தாள், மறுபடி வாயருகே வைத்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"அம்மா? யாரு அது? அம்மா!"

"குட்டி..." என்றாள் அக்கா கடைசியில்.

மலை மேல் ஒருத்தி தேம்பி அழும் சத்தம் பார்லர் முழுக்கக் கேட்டது. இங்கே அக்காவும் அழுதாள். கேப்டன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். குட்டி அழுகைக்கு நடுவே கேட்டாள்: "அப்ப யாரும்மா செத்தது?"

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தாள். கண் விரிந்தது.

"ஐயையோ! பேங்க் அம்மா தலை செத்துப்போச்சுடி!"

பேங்க் அம்மா அலறி எழுந்தார். "அதான் எரியுதா? சாவு வீட்டுல தலை எரியுதுன்னு எப்படிச் சொல்றதுன்னு பல்லைக் கடிச்சிட்டு உக்காந்திருந்தேன்மா!"

அதற்குப் பிறகு நடந்தவற்றை அந்தத் தெருவில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். குட்டியிடம் விஷயத்தைச் சொன்னதும், அவள் சித்தியைக் கன்னாபின்னாவென்று திட்டி, பிறகு தன் மேலதிகாரி பக்கத்திலேயே நிற்பது நினைவுக்கு வந்து, "மன்னிக்கணும், பிரிகேடியர் மேடம்" என்று விறைப்பாகச் சொல்லிப் போனை வைத்தாள். அக்கா பேங்க் அம்மாவைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இழுத்தாள். "நான் கழுவுறேன்" என்று தங்கை முன்னால் வந்தாள்.

"இதோடயா? முதல்ல அதைக் கழட்டு. என் கண் முன்னால நிக்காதே அதோட."

உள்ளே போய் அக்காவின் பூப்போட்ட நைட்டியை மாட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு பேரைப் போட்டு மூடலாம், அவ்வளவு பெரியது. பிரிகேடியர் ஒருவர் நைட்டியில் நின்று வங்கி மேனேஜரின் தலையை வாஷ்பேசினில் அலசுவதைப் பார்க்கக்கூடாது என்று கேப்டன் வெளியே ஓடிப்போனான். தையல்காரரிடம் போய்க் கடையைத் திறக்கச் சொன்னான். அவர் நம்பாமல், "தம்பி, எனக்கும் மெதுவாத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டாராம்.

பேங்க் அம்மாவின் தலைமுடி பாதி கன்னங்கறுப்பாகவும் பாதி பழைய நரையாகவும் நின்றது. உச்சந்தலை செக்கச் சிவந்துபோயிருந்தது. "பரவாயில்ல, புள்ளை நல்லா இருக்காளே" என்று அவர் துண்டைக் கட்டிக்கொண்டு போனார்.

அக்காவும் அவளும் மட்டும் இருந்தார்கள். சீருடை தலைமுடி உலர்த்தும் இயந்திரத்தின் மேல் தொங்கியது. அக்கா எழுந்து அதன் அருகே போனாள். தொடவில்லை. புதிய தோள்பட்டையை மட்டும் உற்றுப் பார்த்தாள்.

"இதுக்குத்தானா?"

"ஆமாக்கா."

"நல்லா இருக்கு" என்றாள் அக்கா, பழைய சட்டைத்துணியைப் பார்த்துச் சொல்வதுபோல. பிறகு ஜவுளிக்கடைப் பை ஒன்றை எடுத்துச் சீருடையை மடித்து உள்ளே திணித்தாள். மடிப்பு கலையாமல் திணிக்க அவளால் முடியவில்லை.

"நான் ஒண்ணு சொன்னேன்ல. அவளுக்கு ஏதாவதுன்னா நீ வராதேன்னு."

அவள் தலையை நிமிர்த்தவில்லை. இனி இந்த வீட்டு வாசலே கிடையாது என்று சொல்லப் போகிறாள் என்றுதான் நினைத்தாள்.

"அதை மாத்திக்கிறேன். வேற எவனோ வந்து நின்னா நான் நம்ப மாட்டேன். நீ வந்து நின்னா எப்படி இருக்கும்னு இன்னிக்குப் பாத்துட்டேன். அப்படி ஒண்ணு வந்தா நீயே வா." அக்கா பையின் வாயை முடிச்சுப் போட்டாள். "முதல் வாக்கியத்துலயே சொல்லு. ஒண்ணும் இல்லன்னு மட்டும் சொல்லிடாதே. சொல்லிட்டு உடனே கிளம்பிடாதே. இரு."

"சரிக்கா."

"போ. பின்பக்கமா போ. இந்தப் பையோட இந்த வாசல் வழியாப் போகாதே." பிறகு ஞாபகம் வந்தவளாக, "கேக்கை வச்சிட்டுப் போ" என்றாள்.

ஜீப்பில் இருந்த பையை டிரைவர் கொண்டுவந்து கொடுத்தார். சாதாரண உடைக்கு மாறிக்கொண்டு, துவைத்த துணிகள் தொங்கும் கொடியைக் குனிந்து கடந்து, பின்சந்துக்கு வந்தாள். கேப்டன் அங்கே காத்திருந்தான். நான்கு எட்டுதான் வைத்தாள். குட்டைச் சுவர் ஒன்றைப் பிடித்து அதன் மேல் உட்கார்ந்தாள். மடியில் இருந்த ஜவுளிக்கடைப் பை சரசரவென்று சத்தம் போட்டது. எங்கிருந்து அந்தச் சத்தம் என்று பார்த்தாள். அவளுடைய கைகள்தான்.

கேப்டன் பதறி ஓடிவந்தான். "மேடம்! என்ன ஆச்சு மேடம்?"

"ஒண்ணும்..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள்.

"கை நடுங்குது, கேப்டன்" என்றாள். "நிக்க மாட்டேங்குது. கொஞ்ச நேரம் கூட இருங்க."